மகாராணியின் சொந்தக்காரி

நுணுக்குக்காட்டியில் இருந்து கண்ணை எடுக்காமலே திரேசா அக்கா கேட்டார்.

“இது உசிரோட இருக்குதா மிஸ்?”

“ஓம் அக்கா, இருக்குது.”

“எண்ட வாயில இருந்து வெட்டினதுதானே?”

“அதிலயிருந்து வளர்ந்தது.”

“நான் செத்துப் போனாலும் இது இருக்குமா?”

மழுப்பிவிட மனம் வரவில்லை. “நாங்கள் ஒழுங்காப் பார்த்துக் கொண்டால் இருக்கும்” என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெலிந்த உடம்பு. தேவாலயத்துக்குப் போவது போலக் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டதால் அவர் பேச்சில் ‘ர’வும் ‘ல’வும் சற்றுக் குழையும். ஆனால் அன்று அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

“இதை வெட்டி எறியிறதுக்கு நான் என்ன பாடு பட்டன் தெரியுமா? மாதக்கணக்கில குழாயால கஞ்சி குடிச்சன். ஆஸ்பத்திரியில கதிர்க் கரண்ட் பிடிச்சுக் கழுத்தெல்லாம் கருகிப் போச்சு. போயிட்டுது, போயிட்டுது எண்டு பூசை குடுத்தன். நீங்க என்னண்டா இதுக்குச் சாப்பாடு போட்டு வளக்கிறீங்க. வேணாம் மிஸ். நிப்பாட்டுங்க.”

என் மாணவி நுஸ்ரா, வளர்ப்புப் பெட்டியின் கதவைத் திறந்தபடி இன்னொரு தட்டோடு நின்றாள். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் அந்தப் பெட்டி கீச்சிடத் தொடங்கும். அது கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

மருந்து எழுதாத டொக்டர்

அந்த அறைக்கு நான் வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். மருத்துவபீடத்துக்குக் கொஞ்சப் புள்ளிகள் போதாமல் போயின. எங்கள் ஒழுங்கையில் அதை ஒரு செத்தவீடு போலவே நடத்தினார்கள். சனம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டுப் போனது. நான் விஞ்ஞானபீடத்துக்குப் போனேன்.

பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்தபோது பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: “இப்ப நீ டொக்டர்தானே? மருந்து எழுதுற டொக்டரோ, எழுதாத டொக்டரோ?”

“எழுதாத டொக்டர் மாமி.”

“அப்ப காய்ச்சலுக்கு உன்னட்ட வந்து பிரயோசனமில்லை.”

அது உண்மைதான். இன்றுவரை நான் ஒருவருக்கும் ஒரு குளிசைகூடக் கொடுத்ததில்லை.

என் அப்பா ஒரு புகைப்பட ஸ்டூடியோவில் படம் கழுவுபவர். சிவப்பு விளக்கு எரியும் அந்தச் சின்ன அறையில் நின்று, தண்ணீருக்குள் ஒரு முகம் மெதுவாக எழுந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்பாவின் விரல்களில் எந்நேரமும் வினாகிரி மணக்கும். சோறு பிசைந்து தரும்போதும் அது மணக்கும்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் முதல் குளிர்காலம். ஊரும் பிடிக்கவில்லை, சாப்பாடும் பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருநாள், என்னை ஓர் இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். உயிர்க்கலங்களைச் சாறாக்கி, அதிலுள்ள புரதங்களைப் பருமன்படி பிரித்து, எங்களுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் ஒளிரச் செய்வோம். அந்த ஒளியைப் படத்தாளில் பிடிப்போம். இப்போது அதைக் கணினி செய்கிறது. அப்போது கையால் கழுவ வேண்டும்.

கதவைச் சாத்தியதும் அதே மணம். அதே சிவப்பு விளக்கு. தட்டிலிருந்த தண்ணீருக்குள் ஒரு கரிய கோடு மெதுவாக எழுந்து வந்தது. அது நான் தேடிய புரதம். அந்த இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண், அமிலம் தெறித்துவிட்டதோ என்று பயந்து என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அதன்பிறகு நான் திரும்பி வருவதைப் பற்றிப் பேசவில்லை. படிப்பு முடிந்த பிறகுதான் வந்தேன்.

தட்டிக்கொண்டே இருக்கும் ஒன்று

என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

எங்கள் உடம்பிலுள்ள ஒரு கலம், தான் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்று தானாக முடிவுசெய்வதில்லை. வெளியே இருந்து செய்தி வரும். கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம் அதை வாங்கி, உள்ளே நிற்கும் இன்னொரு புரதத்தைத் தட்டும். அது அடுத்ததைத் தட்டும். இப்படியே போய்க் கடைசியில் ‘பிரி’ என்ற கட்டளை கலத்தின் நடுவிலுள்ள கருவுக்குப் போகும். செய்தி நின்றதும் எல்லாம் அடங்கிவிடும். புற்றுநோய்க் கலத்தில், அந்த வரிசையின் நடுவே நிற்கும் ஒன்று, யாரும் தன்னைத் தட்டாமலே அடுத்ததைத் தட்டிக்கொண்டு இருக்கும். ஓயாது.

அந்த ஒன்றைப் பற்றித்தான் என் வேலைக்காலம் முழுவதும்.

ஊருக்குத் திரும்பியபோது, வாய்ப் புற்றுநோயில் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் நாட்டில் பாக்கும் வெற்றிலையும் போடுகிற சனத்துக்கு வருகிற நோய் அது. ஆனால் உலகத்து ஆய்வுகூடங்களில் வளர்கிற கலங்களில் அநேகம் வேறு நாட்டுக்காரரின் வாயிலிருந்து வந்தவை. எங்கள் ஆட்களின் கலங்களை வளர்த்துப் பார்த்தால் என்ன?

சொல்வது சுலபம். அறுவைச் சிகிச்சை முடிந்ததும், நோயாளி சம்மதித்திருந்தால், வெட்டிய இழையத்தில் ஒரு சிறு துண்டு எங்களுக்கு வரும். பெயர் இராது, இலக்கம் மட்டுந்தான். நாங்கள் அதை நறுக்கி, இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டு, உடம்புச் சூட்டில் வைப்போம். சில நாள் பிழைக்கும். பிறகு சாகும். சாகாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் பாணும் பூக்கிறது, சப்பாத்தும் பூக்கிறது. கலங்களை மட்டும் விட்டுவிடுமா?

வருஷக்கணக்காக இப்படியே போனது. ‘மேடத்தின் மயானம்’ என்று மாணவர்கள் எங்கள் வளர்ப்பறைக்குப் பெயர் வைத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பிறகு ஒன்று வளர்ந்தது. முதலில் தட்டின் ஓரத்தில் ஒரு சிறு தீவு. அடுத்த கிழமை அது பெருத்தது. பிரித்து வேறு தட்டில் போட்டோம், அங்கேயும் வளர்ந்தது. திரவம் ஒருநாள் பிந்தினால் முகம் சுளிக்கும். சூடு கொஞ்சம் குறைந்தால் வளர மாட்டேன் என்று நிற்கும். பிள்ளைகள் அதற்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்தார்கள்.

மகாராணிதான் திரேசா அக்கா என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சட்டைக்குள் ஒரு சூடு

எரிபொருள் இல்லாமல் நாடே நின்ற அந்த மின்வெட்டுக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் கட்டடத்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. வளர்ப்புப் பெட்டி ஆறத் தொடங்கினால் மகாராணி தாங்காது. நகரின் மறுபக்கத்தில், ஜெனரேட்டர் ஓடும் வேறொரு ஆய்வுகூடத்தில், என் சிநேகிதி ஒருத்தி இடம் தருவதாகச் சொன்னாள். வாகனம் இல்லை. பஸ் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

இறுக மூடிய சின்னக் குப்பிகளில் கலங்களை எடுத்து, துணியில் சுற்றி, சட்டைக்குள் உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டேன். உடம்புச் சூடுதான் அவற்றுக்கு வேண்டிய சூடு. நுஸ்ராவும் அப்படியே தன் அபாயாவுக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொருவரின் கலம் எங்கள் உடம்பில் பிடிக்காது, குப்பியும் மூடியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

வெயிலில் நடந்தோம். பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் வாகனங்களின் நிழலில் பத்திரிகை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் “நோனா, எங்க போறீங்க?” என்று சிங்களத்தில் கேட்டார். அவரிடமும் பெற்றோல் இல்லை; சும்மா கேட்டாராம். நாங்கள் சிரித்துக்கொண்டே நடந்தோம். கலங்கள் பிழைத்தன.

காலி வீதியை மூடினால்

இனி நுஸ்ராவைப் பற்றி. தெஹிவளைப் பிள்ளை. கெட்டிக்காரி, அவசரக்காரி.

தட்டிக்கொண்டே இருக்கும் அந்தப் புரதத்தை அடக்க ஓர் இரசாயனம் இருக்கிறது. அதை மகாராணிக்குக் கொடுத்தால் சில நாள் வளர்ச்சி நிற்கும். பிறகு பழையபடி வளரத் தொடங்கிவிடும். ஏன் என்று எனக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை.

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இது புரியும். காலி வீதி என்ற பெருந்தெருவை மூடினால் வாகனங்கள் வீட்டுக்கா திரும்பிப் போகின்றன? ஒழுங்கைகளுக்குள்ளால் இறங்கி, கடலோரம் மரைன் டிரைவைப் பிடித்துப் போய்விடுகின்றன. கலமும் அதைத்தான் செய்தது. செய்தி போக வேறொரு புரத வரிசையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கப் பாதை எது என்று கண்டுபிடித்தவள் நுஸ்ரா. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்தால் மகாராணி சாகிறது என்றும் அவள் கண்டாள். அது எங்கள் தட்டில் சில தடவைகள் நடந்திருந்தது. ஒரு தடவை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று தேடிக்கொண்டிருந்தோம். அவளுடைய பட்டம் முழுக்க இந்தக் கலங்களின் மேல் நின்றது.

அந்த நேரத்தில்தான் சத்திரசிகிச்சை நிபுணர் தொலைபேசியில் வந்தார். தன் பழைய நோயாளி ஒருவர் பரிசோதனைக்கு வந்த இடத்தில், “எண்ட சதையை ஆராய்ச்சிக்கு எடுத்தீங்களே, அது என்னவாச்சு?” என்று கேட்டாராம். இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அவர். என்னிடமும் ஒருவரும் கேட்டதில்லை. அவர் சொன்ன இலக்கத்தைப் பார்த்தேன்; அது மகாராணியின் இலக்கம். பீடத்தின் ஆராய்ச்சி ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி வாங்கி, அவரை வரச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கேக் கூட வாங்கி வைத்திருந்தேன்.

வந்தவர் திரேசா அக்கா. புறக்கோட்டையில் ஒரு சேலைக்கடையில் வாழ்நாள் முழுக்க நின்று விற்றவர். நின்றுகொண்டே வெற்றிலைக் கூறு வாயில் போட்டு மென்றவர். எங்கள் பழைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவர் வீடு. கொட்டாஞ்சேனையில் அதே பாண்கடையில் வாங்கி, அதே தேவாலய மணியைக் கேட்டிருக்கிறோம். ஒருவரை ஒருவர் தெரியாது.

“இதுக்குப் பேரும் வச்சிருக்கிறீங்களாம்” என்றார், நுணுக்குக்காட்டியில் குனிவதற்கு முன்.

“பிள்ளைகள் மகாராணி எண்டு கூப்பிடுவினம்.”

“நல்ல பேர்தான். கேடுகெட்டதுக்கு.”

ஏலும் எண்டாள்

“நிப்பாட்டுங்க” என்று அவர் சொன்ன பிறகும் பெட்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நுஸ்ரா அப்போதுதான் கதவை மூடினாள்.

சம்மதித்தவர் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதுதான் விதி. சொன்னால் நாங்கள் அழிக்க வேண்டும். தட்டில் இருப்பதை மட்டுமல்ல, திரவ நைதரசனில் உறைய வைத்திருப்பதையும். இதை நான் திரேசா அக்காவிடம் சொன்னேன். பட்டத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள்.

“நான் சொன்னா நிப்பாட்டுவீங்களா?” என்று கேட்டார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

“நிப்பாட்டுவன். அது உங்கடது.”

அவர் சேலைத் தலைப்பால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு உமிழ்நீர் அடிக்கடி வழிகிறது என்று வந்தவுடன் சொல்லியிருந்தார்.

“என்னத்துக்கு வளக்கிறீங்க எண்டு சொல்லுங்க.”

நான் சொன்னேன். தட்டுகிற புரதத்தையும், காலி வீதியையும், மரைன் டிரைவையும். மின்வெட்டு நாளில் நாங்கள் நடந்ததையும் ஏனோ சொன்னேன். அதைக் கேட்டதும் என் கழுத்துப் பட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“எண்ட கான்சரை நீங்க நெஞ்சில வச்சுக்கொண்டு போனீங்களா?”

“ஓம் அக்கா.”

“பைத்தியமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, “அப்ப இதைச் சாகடிக்க உங்களால ஏலுமா?” என்றார்.

“ஏலும்” என்றாள் நுஸ்ரா.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் என்னைப் பார்த்தாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

“அப்ப செய்து காட்டுங்க. பாத்திட்டுச் சொல்றன்.”

அன்று திங்கட்கிழமை. திரேசா அக்காவுக்கு வெள்ளை அங்கியும் கையுறையும் போட்டுவிட்டோம். அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கண்ணாடித் தடுப்புக்குள் கை நீட்டச் சொல்லி, மருந்தைச் சொட்டாக விடும் பிப்பெற்றைப் பிடித்துக் கொடுத்தாள் நுஸ்ரா. பட்டுத்துணியின் விளிம்பைப் பிடிக்கிற மாதிரி அதை மெல்லப் பிடித்தார். ஒரு தட்டில் இரண்டு மருந்தையும் அவரே விட்டார். பக்கத்துத் தட்டைச் சும்மா விட்டோம், ஒப்பிட்டுப் பார்க்க. “வியாழக்கிழமை வாங்கோ” என்றேன்.

கேக்கை ஒருவரும் தொடவில்லை.

அவர் போன பிறகு நுஸ்ரா கதிரையில் சரிந்து உட்கார்ந்தாள். “மேடம், அவங்க பொறகும் வாணாம் எண்டு சொன்னா நான் என்ன செய்ற?”

“வேற கலங்களில செய்வம்.”

“வேற எங்க ஈக்கிது மேடம்?”

“எங்கயாவது கேட்டுப் பார்ப்பம். அதுக்கு ஏன் அவசரப்பட்டு ஏலும் எண்டனீர்?”

“அவங்கட மூஞ்சியப் பாத்திட்டு ஏலாது எண்டு சொல்ல ஏலுமா?”

அந்த மூன்று நாளும் நான் கலங்களைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது செய்யத் தோன்றும் என்று பயம். பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடலோரம் நடந்தேன். தண்டவாளத்தின் மறுபக்கம் பாறைகளில் சோடி சோடியாகக் குடை விரித்து இருந்தார்கள். ரயில் போகும்போது அலைச்சத்தம் அடங்கி, பிறகு மறுபடி கேட்டது. அழிக்கச் சொன்னால் யாரைக் கொண்டு செய்விப்பது என்று யோசித்தேன். நானே செய்வதென்று முடிவெடுத்த பிறகுதான் கொஞ்சம் நித்திரை வந்தது.

வியாழன்

திரேசா அக்கா நேரத்தோடே வந்துவிட்டார். இந்த முறை பூப்போட்ட சேலை. மறுபடி அங்கியும் கையுறையும் போட்டுவிட்டோம்.

முதலில் மருந்து விடாத தட்டு. குனிந்து பார்த்தார். கலங்கள் தட்டை நிறைத்து, ஒன்றோடொன்று நெருங்கி நின்றன.

“கல்லுப் பாவின தெரு மாதிரி இருக்குது. கூடியிருக்குதே.”

“ஓம். வளர்ந்திருக்குது.”

அவர் முகம் இறுகியது. நுஸ்ரா அடுத்த தட்டை வைத்தாள். நான் இன்னும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. முதலில் அவர்தான் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

திரேசா அக்கா நெடுநேரம் பார்த்தார். நான் பொறுக்கமாட்டாமல், “என்ன தெரியுது அக்கா?” என்றேன்.

“ஒண்டும் நிக்கேல்ல மிஸ். எல்லாம் உருண்டையா மிதக்குது. வெளிச்சத்தில தூசு மிதக்கிற மாதிரி.”

நுஸ்ரா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். நான் குனிந்து பார்த்தேன். தெரு இல்லை, கல் இல்லை. மகாராணி செத்து மிதந்தது. இத்தனை வருஷம் நான் பார்த்த எந்தக் கோடும் எந்தப் படமும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

“நான் விட்ட மருந்துதானே?” என்று கேட்டார்.

“நீங்கள் விட்டதுதான்.”

“இது எப்ப ஆஸ்பத்திரிக்கு வரும்?”

“தெரியாது அக்கா. தட்டில சாகிறது வேற, மனிசரில வேற. நிறைய வேலை இருக்குது. நான் ஓய்வு பெற்ற பிறகும் இருக்கும்.”

அவர் தலையாட்டினார். ஏமாந்த மாதிரித் தெரியவில்லை. சேலைக்கடையில் வாடிக்கையாளரின் முடிவுக்காகக் காத்திருந்து பழகிய பொறுமையாக இருக்கலாம். கையுறையைக் கழற்றி மடித்து நுஸ்ராவிடம் கொடுத்தார்.

“சரி மகள். வளருங்க. வளத்து வளத்துக் கொல்லுங்க. ஒவ்வொரு முறையும் வேற மாதிரிக் கொன்று பாருங்க.”

நுஸ்ரா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அங்கியோடு இன்னொருவரைத் தொடக்கூடாது என்று நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறவள். அன்று சொல்லவில்லை.

நுஸ்ரா இப்போது கலாநிதி. அவளும் மருந்து எழுதாதவள். அந்த ஒரு தடவை ஏன் நடக்கவில்லை என்பதையும் கண்டுபிடித்தாள். அது பெரிய கதை; சுருக்கமாகச் சொன்னால், பழுதாகிப்போன ஒரு பழைய மருந்துக் குப்பி. திரேசா அக்கா வருஷத்தில் ஒருதரமாவது வந்து எட்டிப் பார்க்கிறார். எனக்கு ஓய்வு நெருங்குகிறது. உலகம் பேசும் பெரிய கண்டுபிடிப்பு எதையும் நான் செய்யவில்லை. ஒரு புரதத்தையும் அதன் அயலட்டத்தையும் ஓரளவு தெரிந்துகொண்டேன். போதும் என்றுதான் தோன்றுகிறது.

அந்த வியாழக்கிழமை அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குக் கைத்தொலைபேசியில் கோல் எடுத்தார். காது கேளாதவருக்குச் சொல்வது போல உரக்கக் கதைத்தார்.

“ஓம், நான்தான். செத்திட்டுது. ஓம், எண்ட கண்ணால பாத்தன்.”

மறுமுனையில் தங்கச்சி பதறுவது எனக்கே கேட்டது. “ஆரு அக்கா? ஆரு செத்தது?”

திரேசா அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதும் சிரிப்பதுமாக, ஒரு கையால் பஸ்ஸை மறித்து ஏறினார். படியில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.